கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, எரிச்சல் மட்டும் தீரவில்லை: பெண்களின் சுரப்பித் தொற்றைக் கண்டறியும் வழி

புரசைவாக்கத்தில் ஒரு லேபில் 19 வருஷமாக மைக்ரோபயாலஜி பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுநீரைத் தட்டில் தீட்டிக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் யூரின் கல்ச்சர். அந்தத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஈ.கோலை என்ற குடல் கிருமி வளர்ந்திருந்தால் நீலப்பச்சைத் தட்டு மஞ்சளாக மாறி நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். எதுவும் வளராத தட்டு, வைத்தது வைத்தபடி நீலப்பச்சையாகவே இருக்கும். "நோ குரோத்" என்று டைப் செய்து அனுப்பிவிட்டு அடுத்த தட்டை எடுப்போம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது எங்கள் காதுக்கு வராது.

என் சித்தி மகள் விஷயத்தில் வந்தது. அம்பத்தூர் பக்கம் பள்ளி ஆசிரியை. 14 மாதத்தில் 11 யூரின் ரிப்போர்ட். முதல் இரண்டில் கிருமி வளர்ந்தது, மருந்து சாப்பிட்டாள். மீதி ஒன்பதிலும் ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சல் போகவே இல்லை.

"அக்கா, திரும்பவும் நார்மல்னுதான் வந்திருக்கு. டாக்டர் டென்ஷனாலதான்னு சொல்றாரு."

"கீழ யாராவது பாத்தாங்களாடி?"

"இல்லக்கா. கேட்டாங்க, ஸ்லிப் எழுதிக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான்."

பதினோரு முறை டப்பாவைப் பார்த்தவர்கள், ஒரு முறைகூட அவளைப் பார்க்கவில்லை. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். நான் டாக்டர் இல்லை. மருந்து சொல்லப்போவதில்லை. எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும், எது ஏன் தவறிப்போகிறது என்பதை லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. குளிர் காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி, சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, அந்த இடத்தில் வேகமாகப் பெருத்து வலிக்கும் கட்டி: இதில் ஏதாவது இருந்தால் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் சாதாரண எரிச்சலுக்கே காத்திருக்கக் கூடாது.

எந்தச் சுரப்பியைப் பற்றிப் பேசுகிறோம்

பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய், அதாவது சிறுநீர்த்தாரை (டாக்டர்கள் மொழியில் யூரித்ரா), ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். யோனியின் முன்சுவரை ஒட்டியே ஓடுகிறது. அதன் வெளிமுனைக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளேயே, இரண்டு பக்கமும் சின்னச் சுரப்பிகள் உண்டு. இவற்றின் பெயர் ஸ்கீன் சுரப்பிகள். அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மகளிர் மருத்துவர் 1880-இல் இவற்றை விவரித்து எழுதினார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, 1672-இல், டச்சுக்காரர் ரைனியர் டி கிராஃப் இதே பகுதியைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் மட்டும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது.

ஆணுக்கு புராஸ்டேட் சுரப்பி கருவில் எதிலிருந்து உருவாகிறதோ, அதே மூலத்திலிருந்துதான் இவையும் வருகின்றன. ஆண்களின் ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை இந்தச் சுரப்பிகளும் சுரக்கின்றன. புராஸ்டேட்டில் தொற்று வந்தால் விட்டு விட்டுத் தொல்லை கொடுக்கும், மருந்து உள்ளே போய்ச் சேரச் சிரமப்படும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஒரு ஐம்பது வயது ஆண் எரிச்சல் என்று போனால் விரல் வைத்துப் பார்த்துவிடுவார்கள். அதே உறவுக்காரச் சுரப்பி பெண்ணுக்கும் இருக்கிறது என்பது மட்டும் ஓ.பி. அவசரத்தில் மறந்துபோகிறது.

இன்னொன்று பார்த்தோலின் சுரப்பி. இது யோனி வாசலின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. இதில் அடைப்பும் சீழும் வந்தால் உட்கார முடியாது, நடக்க முடியாது, கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரை வீங்கும். இதைத் தவறவிடுவது கஷ்டம். தவறிப்போவது ஸ்கீன்தான். ஏனென்றால் வீங்காமலேயே தொற்று இருக்கலாம்.

டாக்டர்கள் இந்த இடங்களைக் கடிகார மணியில் சொல்வார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மேல்பக்கம் 12 மணி. சிறுநீர்த் துளையைச் சுற்றி ஏறத்தாழ 4 மணி, 8 மணியில் ஸ்கீன் சுரப்பியின் வாய். யோனி வாசலைச் சுற்றி அதே 4 மணி, 8 மணியில் பார்த்தோலின். மணி ஒன்றுதான், கடிகாரம் வேறு. ரிப்போர்ட்டில் "4 மணி" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கடிகாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரின் டெஸ்ட் ஏன் ஏமாற்றுகிறது

சாம்பிள் கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "முதல்ல கொஞ்சம் வெளிய விட்டுட்டு, நடுவுல வர்றத புடிங்கம்மா." சிறுநீர்ப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதுதான் சரி. வாசலில் ஒட்டியிருக்கும் தோல் கிருமிகளை முதல் நீர் கழுவிவிடும். ஆனால் சுரப்பியின் வாயும் அதே வாசலில்தான் இருக்கிறது. அங்கே ஒரு துளி சீழ் கசிந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் கழிப்பறையில் விடச் சொல்கிறோம்.

அதற்கு மேல் இன்னொரு கணக்கு. கல்ச்சருக்கு நாங்கள் பயன்படுத்தும் கம்பி வளையம் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர்தான் எடுக்கும். தட்டில் ஒரே ஒரு புள்ளி வளர்ந்தாலே மில்லிலிட்டருக்கு 1,000 கிருமி என்று கணக்கு. அதற்குக் கீழே இருப்பது எங்கள் கண்ணுக்கே வராது. பழைய வரையறைப்படி 1,00,000 இருந்தால்தான் தொற்று. எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்த வேண்டியது என்பது இன்று தெரிந்த விஷயம். இருந்தாலும் "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று போகும் ரிப்போர்ட்டுகளில், அந்த "குறிப்பிடத்தக்க" என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை.

கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, கொனேரியா போன்ற பால்வினைக் கிருமிகள், காசநோய்க் கிருமி இவை எதுவும் வழக்கமான யூரின் தட்டில் வளராது. எங்கள் தட்டில் வளராததால் உடம்பில் இல்லை என்று ஆகிவிடாது.

முதல் படி: எரிச்சல் எங்கே, எப்போது

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், நீர்க்கடுப்பு. சென்னை வெயிலில் "சூடு புடிச்சிருக்கு" என்று இளநீர், நீர்மோர், பார்லி கஞ்சி, தொப்புளில் விளக்கெண்ணெய். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வந்த கடுப்பு என்றால் இளநீரிலேயே அடங்கும். இரண்டு நாளில் அடங்காததைச் சூடு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் "எரியுது" என்று மட்டும் சொன்னால் பத்து நோய்க்கும் அதே சொல்தான். சிறுநீர் தொடங்கும்போதே வாசலில் சுருக்கென்று குத்துகிறதா? குழாய், சுரப்பிப் பக்கம் யோசிக்க வேண்டும். முடியும்போது அடிவயிற்றில் இறுக்கிப் பிடிக்கிறதா? சிறுநீர்ப்பை. சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிகிறதா? அது தோல் புண், பூஞ்சை, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி. பை நிரம்ப நிரம்ப வலித்து, போனதும் நிம்மதியாகிறதா? அது வேறொரு கதை, பின்னால் வருகிறேன்.

சுரப்பிப் பக்கம் கை காட்டும் அடையாளங்கள் சில உண்டு. விரல் வைத்து "இங்கேதான்" என்று சிறுநீர்த் துளைக்குப் பக்கத்தைக் காட்ட முடிவது. நீண்ட நேரம் உட்கார்ந்தால், ஸ்கூட்டி ஓட்டினால், இறுக்கமான ஜீன்ஸ் போட்டால் அதிகமாவது. தாம்பத்திய உறவின்போது வாசலிலேயே வலி, மறுநாள் எரிச்சல். போய் எழுந்தபின் சொட்டுவது. உள்ளாடையில் மஞ்சள் கறை. ஆன்டிபயாடிக் சாப்பிடும்வரை பாதி குறைந்து, நிறுத்திய சில நாளில் அதே இடத்தில் திரும்ப வருவது.

என் சித்தி மகள் இதை எழுதிய பிறகுதான் அவளுக்கே ஒன்று புரிந்தது. பள்ளி நாட்களில் காலை 8 மணியிலிருந்து மாலை 3:30 வரை கழிப்பறைக்கே போவதில்லை. ஆசிரியைகளுக்கு என்று இருந்த ஒரே கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையாம். அது அவளுடைய நோய்க்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடக்கி வைப்பது தொற்றுக்கு இடம் கொடுக்கும். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. தாழ்ப்பாளுக்கும் ஒன்று வந்தால் தேவலை.

இரண்டாம் படி: சாம்பிளை ஒழுங்காகக் கொடுப்பது

சுரப்பியைத் தேடுவதற்கு முன் சிறுநீர்ப்பையைச் சரியாகப் பார்த்து முடிக்க வேண்டும். பாதிக் குழப்பம் சாம்பிளிலேயே ஆரம்பிக்கிறது.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கொடுங்கள். ஒரு மாத்திரை போட்டுவிட்டு வந்தாலே தட்டு சுத்தமாக இருக்கலாம். ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் படிவத்தில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். நீங்களாகவே தெருமுனை மெடிக்கலில் வாங்கிய இரண்டு மாத்திரையும் அதில் சேர்த்தி. எரிச்சலுக்குக் கொடுக்கும் அந்தப் புளிப்பும் இனிப்புமான சிரப் கிருமியைக் கொல்லாது. சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலை மறைக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். இதழ்களை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடியே நடுநீரைப் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள். வெள்ளைப்படுதல் அதிகம் இருக்கும் நாளிலும் மாதவிடாய் நாளிலும் தவிர்ப்பது நல்லது.

வீட்டிலிருந்தே சாம்பிள் எடுத்துப்போகிறவர்கள் இப்போது எல்லாப் பகுதியிலும் இருக்கிறார்கள். ரத்தத்துக்கு அது வசதி. யூரின் கல்ச்சருக்கு நான் தயங்குவேன். மே மாதம், மேடவாக்கத்தில் காலை 7 மணிக்கு எடுத்த டப்பா, நாலு வீடு ஏறி இறங்கி, வேளச்சேரி சிக்னல்களைத் தாண்டிப் புரசைவாக்கம் வரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். ஈ.கோலைக்கு வசதியான சூடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். வாசலில் ஒட்டியிருந்த நாலு கிருமி நாலாயிரமாகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். ஐஸ் பெட்டியில் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் லேபுக்கே வந்து கொடுங்கள், அல்லது எடுத்த 2 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டை வாசிப்பது

மூன்று வரிகளைச் சேர்த்துப் பாருங்கள்: சீழ்ச்செல்கள், எபிதீலியல் செல்கள் (தோல்பரப்பிலிருந்து உதிர்பவை), கல்ச்சர். சீழ்ச்செல் 0 முதல் 5 வரை என்றால் பொதுவாக இயல்பு. எபிதீலியல் செல் கூட்டமாக இருந்தால் சாம்பிளில் யோனிக் கசிவு கலந்திருக்கிறது, மறுபடி கொடுக்க வேண்டும். "மிக்ஸ்டு குரோத்", அதாவது பல கிருமி கலந்து வளர்ந்தது என்றாலும் பெரும்பாலும் அதே கதை. அதற்கு மருந்து சாப்பிடாதீர்கள்.

கவனிக்க வேண்டிய ரிப்போர்ட் எது தெரியுமா? சீழ்ச்செல் 15, 20 என்று இருக்கும், எபிதீலியல் குறைவாக இருக்கும், கல்ச்சர் சுத்தமாக இருக்கும். உடம்பு எங்கேயோ சண்டை போடுகிறது, எதிரி எங்கள் தட்டில் இல்லை. முன்பே சாப்பிட்ட ஆன்டிபயாடிக், பால்வினைத் தொற்று, கல், காசநோய், சுரப்பித் தொற்று எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இதோடு எரிச்சலும் இருந்தால் "நார்மல்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தலைகீழாகவும் ஒன்று. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணின் சிறுநீரில் கிருமி வளர்ந்தால், கர்ப்பிணி இல்லையென்றால், சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சை எதுவும் நடக்கப்போவதில்லையென்றால், பொதுவாக மருந்தே வேண்டாம். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பதால்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தினமும் தட்டில் பார்க்கிறேன்.

நான்காம் படி: பரிசோதனை மேசை

இதுதான் மையமான படி, இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். ஸ்கீன் சுரப்பித் தொற்றுக்கு என்று தனியாக ரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணும் விரலும்தான் கருவி.

மகளிர் மருத்துவர், யூரோகைனகாலஜிஸ்ட் (பெண்களின் சிறுநீர்ப் பிரச்சினைகளைப் பார்ப்பவர்), யூராலஜிஸ்ட் யாரிடமும் போகலாம். உள்ளே போனதும் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "டாக்டர், கல்ச்சர் பல முறை நெகட்டிவ். வலி யூரின் வர்ற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. ஸ்கீன் சுரப்பி, யூரித்ராவை ஒட்டி ஏதாவது இருக்கான்னு கையால பரிசோதிச்சுப் பாக்க முடியுமா?" கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம் வேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் இரண்டாவது முறை போகத் தேவையில்லை.

ஒரு சின்ன நுணுக்கம். உள்பரிசோதனைக்கு முன் நர்ஸ் வழக்கமாக "யூரின் போயிட்டு வந்துடுங்க" என்பார். போய்விட்டு வந்தால் வாசலில் தேங்கியிருந்த கசிவும் கழுவிப் போய்விடும். கடைசியாகச் சிறுநீர் போய் 2 மணி நேரமாவது ஆகியிருக்கும்படி போங்கள். "முதலில் யூரின் துளையைப் பார்த்துவிட்டுப் பிறகு போகிறேன்" என்று சொல்லுங்கள். முந்தின இரவு யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், வாசனை வாஷ் எதுவும் வேண்டாம்.

சித்தி மகளோடு நான் உள்ளே போனேன். அண்ணா நகரில் ஒரு சின்ன கிளினிக், அறுபதைத் தாண்டிய லேடி டாக்டர். ஃபைலைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். "மூச்ச நல்லா விடும்மா. அழுத்தும்போது எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லு." கையுறை, கொஞ்சம் ஜெல்லி, ஒரே ஒரு விரல். யோனியின் முன்சுவரில் உள்ளிருந்து வாசல் பக்கமாக, பற்பசைக் குழாயைக் கடைசியில் பிதுக்குவது மாதிரி, மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். இடது பக்கம் வரும்போது அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். விளக்கை இழுத்து வைத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீ லேப்தானே, வந்து பாரு." சிறுநீர்த் துளையின் இடது ஓரத்தில், ஊசிமுனை அளவு ஒரு துளையில், கடுகளவு கூட இல்லாத வெளிர்மஞ்சள் துளி. பதினான்கு மாதம் தேடியது அது.

எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

அழுத்தும்போது எது எப்படி வருகிறது என்பதில் அர்த்தம் இருக்கிறது. துளைக்குப் பக்கவாட்டில் கசிந்தால், கட்டி வாசலை ஒட்டி ஒரு பக்கமாக இருந்தால், ஸ்கீன் சுரப்பி. குழாயின் நடுப்பகுதியில், உள்ளே தள்ளி மெத்தென்று ஒரு வீக்கம், அழுத்தினால் சிறுநீர்த் துளை வழியாகவே சீழோ சிறுநீரோ வந்தால், அது டைவர்ட்டிகுலம், அதாவது குழாயின் சுவரில் புடைத்த சிறு பை. எரிச்சல், உறவில் வலி, போனபின் சொட்டுதல் மூன்றும் சேர்ந்து வருவதும் அதன் பழைய அடையாளம். தெளிந்த நீர்போல ஒரு துளி வருவது சுரப்பியின் இயல்பான வேலை, தொற்று அல்ல. வீட்டில் நீங்களே பிதுக்கிப் பார்க்காதீர்கள், புண்ணாகும்.

கல்யாணமாகாத பெண் என்றால் உள்பரிசோதனை செய்யப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். தயங்குவது சரி, அத்தோடு விட்டுவிடுவது சரியல்ல. துளையைச் சுற்றி வெளியிலிருந்தே பார்க்கலாம், வெளியிலிருந்தே ஸ்கேன் எடுக்கலாம், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. யாராக இருந்தாலும் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், கூட ஒரு பெண் இருக்க வேண்டும், "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும்.

ஐந்தாம் படி: அந்தத் துளியை லேபுக்கு அனுப்புவது

கசிவு வந்தால் பஞ்சால் துடைத்துப் போட்டுவிடாமல் ஸ்வாப்பில் (லேப் பஞ்சுக்குச்சி) எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு: ஒன்று கிராம் ஸ்டெயின் (சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), கல்ச்சருக்கு, இன்னொன்று கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆருக்கு. படிவத்தில் "யூரின்" என்று எழுதினால் நாங்கள் யூரின் தட்டில்தான் போடுவோம். "பாரா யூரித்ரல் கசிவு, இடது பக்கம்", அதாவது யூரித்ராவை ஒட்டி வந்த கசிவு என்று டாக்டர் எழுதினால் வேறு தட்டுகளில், வேறு கவனத்தோடு பார்ப்போம். ஒரு வரி எழுதாததால் வீணாகும் ஸ்வாப்கள் எங்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது நாலு வரும்.

கிளமிடியா, கொனேரியா, மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் பி.சி.ஆர். தனியாரில் கிடைக்கிறது. பெண்களுக்கு யோனி ஸ்வாப் நல்ல சாம்பிள். யூரின் கொடுப்பதானால் இதற்கு மட்டும் முதல் நீர், நடுநீர் அல்ல. டிரைக்கோமோனாஸை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதானால் ஸ்லைடு சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். அது நீந்திக்கொண்டிருந்தால்தான் அடையாளம் தெரியும், நின்றுவிட்டால் சீழ்ச்செல் மாதிரியே கிடக்கும்.

"பால்வினை டெஸ்ட்" என்று சொன்னதும் வீட்டில் முகம் மாறும். சித்தி முகமும் மாறியது. சுரப்பித் தொற்றில் குடலில் வாழும் சாதாரண ஈ.கோலையும் வருகிறது, பால்வினைக் கிருமிகளும் வருகின்றன. எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்பதற்காகத்தான் டெஸ்ட். பால்வினைக் கிருமி வந்தால் கணவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பத் திரும்ப வரும்.

அவளுடைய ஸ்வாபை நானே தட்டில் தீட்டினேன். அன்று காலை கொடுத்த யூரின் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் ஸ்வாப் தட்டில் ஈ.கோலை, கிராம் ஸ்டெயினில் நிறைய சீழ்ச்செல். யூரின் தட்டு நீலப்பச்சையாகவே இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஸ்வாப்பில் ஏதாவது வளர்ந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் தோல் கிருமிகள் குடியிருக்கின்றன. சீழ்ச்செல், வலி, கிருமி மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் மதிப்பு.

ஆறாம் படி: ஸ்கேன்

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் வழக்கமான ஸ்கேன் இந்த இடத்தைக் காட்டாது. "ஸ்கேன் நார்மல்" என்று நிம்மதியடையும் முன் எந்த ஸ்கேன் என்று பாருங்கள். பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் கருவியை வைத்து எடுக்கும் டிரான்ஸ்பெரினியல் அல்ட்ராசவுண்டு கட்டி, சீழ்க்கட்டி, டைவர்ட்டிகுலம் பற்றித் துப்புக் கொடுக்கும். டைவர்ட்டிகுலம் சந்தேகம் பலமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. தான் தெளிவு. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி எல்லோருக்கும் தேவையில்லை. ரத்தம் போனால், கல் சந்தேகம் என்றால் செய்வார்கள். கட்டி கெட்டியாக இருந்தால், ரத்தம் கசிந்தால், அபூர்வமாகப் புற்றுநோயும் வரலாம் என்பதால் திசுப் பரிசோதனை கேட்பார்கள்.

சுரப்பி இல்லையென்றால்

எரிச்சலோடு வரும் எல்லோருக்கும் ஸ்கீன் சுரப்பிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது இருக்காது. மேசையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு பக்கம் திரும்ப வேண்டும்.

பை நிரம்பும்போது வலித்துப் போனதும் அடங்குவது ஆறு வாரத்துக்கு மேல் இருந்து, எந்தத் தொற்றும் இல்லையென்றால், சிறுநீர்ப்பை வலி நோய் என்று ஒன்று இருக்கிறது. இடுப்படித் தசைகள் இறுகிப்போனாலும் இதே மாதிரி எரியும், அதற்கு மாத்திரையைவிட பிசியோதெரபி உதவும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தப் பகுதித் தோல் மெலிகிறது. யோனியில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எரிச்சலையும் அடிக்கடி வரும் தொற்றையும் குறைக்கும். நம் அம்மாக்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சீழ்ச்செல் தொடர்ந்து இருந்து, கல்ச்சர் சுத்தமாகவே வந்தால், சிறுநீர்ப்பாதைக் காசநோயை மறக்கவே கூடாது. இருமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்தடுத்த மூன்று நாள், காலையில் எழுந்ததும் வரும் முழுச் சிறுநீரையும் கொடுக்கச் சொல்வார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட் சில மணி நேரத்தில் சொல்லும், கல்ச்சருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். ஃபுளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி அடிக்கடி சாப்பிட்டால் காசநோய்க் கிருமியும் அரைகுறையாக அடங்கி, கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அடிக்கடி தரும் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், திசுவுக்குள் அவ்வளவாகப் போகாது. தொட்டியைக் கழுவும் மருந்து, சுவருக்குள் இருக்கும் அறைக்குள் நுழையாது. பை சுத்தமாகி, சுரப்பி அப்படியே இருந்து, பத்து நாளில் எரிச்சல் திரும்புவதற்கு இது ஒரு காரணம். திசுவுக்குள் போகும் மருந்துகளுக்கு அவற்றுக்கே உரிய பக்கவிளைவுகள் உண்டு. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டை வைத்து எது, எத்தனை நாள் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால்தான் தீரும் என்று கேள்விப்பட்டு நீங்களாக நீட்டிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் தினம் இரண்டு மூன்று முறை இடுப்புக் குளியல் வலியைக் குறைக்கும். சீழ்க்கட்டி ஆகிவிட்டால் கீறி வடிக்க வேண்டும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் சுரப்பியையே அகற்றுவதும் உண்டு. சர்க்கரை அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சென்னையில் எங்கே போவது

தனியாரில் போகிறவர்கள் "யூரோகைனகாலஜி" என்ற பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அரசில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது, நம் பாட்டிமார் பிறந்த இடம். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இரண்டிலும் பெண் டாக்டர்கள் நிறைய. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் யூராலஜியும் பால்வினை நோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி. ஓ.பி. காலை நேரம்தான், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியவில்லையென்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

கையில் ஃபைலோடு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் என்ன கல்ச்சர், என்ன மருந்து, எத்தனை நாள், நிறுத்தி எத்தனை நாளில் திரும்பியது. கூட்டமான ஓ.பி.யில் பதினோரு ரிப்போர்ட்டை யாரும் புரட்ட மாட்டார்கள். ஒரு பக்கத்தைப் படிப்பார்கள்.

மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து சித்தி மகள் மறுபடி அண்ணா நகர் போனாள். எரிச்சல் இல்லை, ஸ்கூட்டியில்தான் வந்திருந்தாள். டாக்டர் அதே மாதிரி அழுத்திப் பார்த்தார். வலி இல்லை, துளியும் வரவில்லை. "கல்ச்சர் எதுவும் வேணாம், போய்ட்டு வாம்மா" என்றாராம். அந்த மாதம் அவள் பேரில் எங்கள் லேபுக்கு எந்த டப்பாவும் வரவில்லை.